பதினாலாவது கிரீனில் ஒரு கறை

"சொட்டுதானே, விடு. ஒரு சொட்டுக்காகவா வேலை நேரத்துல போன் பண்ணுவ?" என்று கோல்ஃப் மைதானத்துச் சூப்பிரண்டு தன் மனைவியிடம் கேட்டுக்கொண்டிருந்தபோது, அவர் உட்கார்ந்திருந்த புல்வெட்டும் வண்டியின் அடியிலும் சொட்டிக்கொண்டிருந்தது.

வீட்டில் சொட்டியது சமையலறைக் குழாய். அது ஒரு மாதமாகச் சொட்டுகிறது. வாஷர் தேய்ந்துவிட்டது, மாற்றுங்கள் என்று மனைவி சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோயிருந்தாள். வண்டியில் சொட்டியது எண்ணெய். கத்திகளைத் தூக்கி இறக்கும் ரப்பர் குழாயில் ஊசித் துளை ஒன்று விழுந்திருந்தது. கொதிக்கும் சூட்டில் இருக்கிற அந்த எண்ணெய் புல்லில் பட்டால், புல் வெந்துவிடும். சூப்பிரண்டு வண்டியை அணைக்காமல், நகர்த்தாமல், நின்ற இடத்திலேயே நான்கு நிமிடம் பேசினார். பேசி முடித்து இரண்டடி நகர்ந்து, ஏதோ தோன்றித் திரும்பிப் பார்த்தார். பதினாலாவது கிரீனில், இடது ஓரத்திலிருந்து ஐந்து தப்படி உள்ளே, உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாகப் புல் பளபளத்தது.

அன்று சனிக்கிழமை. வியாழக்கிழமை காலை ஏழு மணி முதல், உலகத்தின் பெரிய கோல்ஃப் ஆட்டக்காரர்கள் நூற்றைம்பது பேர் அந்தப் புல்லில் வந்து நிற்கப்போகிறார்கள். அவர்களுக்குப் பின்னால் தொலைக்காட்சிக் கேமராக்கள் வந்து நிற்கும்.

கோல்ஃப் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. மைதானத்தில் பதினெட்டுக் குழிகள். ஒவ்வொரு குழியைச் சுற்றியும் ஒரு பெரிய கூடத்தின் அளவுக்குப் புல்லை மூன்று மில்லிமீட்டரில் வெட்டி, உருளை ஓட்டி, சமையல் மேடை போல வழவழப்பாக வைத்திருப்பார்கள். அதுதான் கிரீன். பெரிய போட்டி என்றால் அந்தப் புல்லுக்குச் சொந்த விருப்பம் எதுவும் கிடையாது. அதன் உயரம், ஈரம், நிறம், அதன்மேல் பந்து எத்தனை அடி உருள வேண்டும் என்பதெல்லாம் போட்டிக் குழு அனுப்பும் புத்தகத்தில் இருக்கும். நாற்பத்திரண்டு பக்கம். சூப்பிரண்டுக்கு அது மனப்பாடம். மனைவியின் பிறந்த நாளை மறந்துவிடுவார். பக்கம் பதினொன்றை மறக்க மாட்டார்.

மறக்காததற்குக் காரணம் இருந்தது. அந்த மைதானத்தின் புல்லுக்கு ஒன்பது வருடமாக அவர்தான் பொறுப்பு, ஆனால் ஒன்பது வருடமும் தற்காலிகம்தான். "இந்தப் போட்டி நல்லபடியா முடியட்டும், உங்களை நிரந்தரம் பண்ணிடறோம்" என்று கிளப் தலைவர் வாய் திறந்து சொல்லியிருந்தார். முடியாவிட்டால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை, சூப்பிரண்டும் கேட்கவில்லை. மைதானத்தின் பின்புறம் அவர் குடியிருந்த வீடு கிளப்புடையது. வேலை போனால் வீடும் போகும். மகளுக்குப் பள்ளியில் இது கடைசி வருடம்.

"சார்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

குழிக்காரர் நின்றுகொண்டிருந்தார். கிரீனில் குழி தினமும் ஒரே இடத்தில் இருக்காது. பழைய குழியை மூடிவிட்டுப் புது இடத்தில் வெட்டுவார்கள். பதினாறு வருடமாக அந்த வேலையைச் செய்பவர் என்பதால் அவருக்கு அந்தப் பெயர் வந்தது. ஐம்பது தாண்டிய மனிதர். கையில் எப்போதும் குழி வெட்டும் கருவி இருக்கும், இரண்டு கைப்பிடி வைத்த எஃகு உருளை. நாளெல்லாம் மண்டியிட்டுப் பார்க்கும் வேலை என்பதால் கால்சட்டையின் முழங்காலில் இரண்டு பச்சைத் திட்டுகள் போகவே போகாது. வாயைத் திறந்து பேசுவது அபூர்வம்.

அவர் கறையின் பக்கத்தில் மண்டியிட்டார். விரல்களை அகட்டி அதன்மேல் வைத்துப் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பி, அந்தக் கிரீனின் நான்கு ஓரங்களையும் நிதானமாகப் பார்த்தார்.

"இதை விட்டுடுங்க சார்" என்றார்.

"என்னது?"

"அப்படியே விட்டுடுங்க. வியாழக்கிழமைக்குள்ள சரியாயிடும்."

"தானா எப்படிய்யா சரியாகும்? வேர் வரைக்கும் வெந்துபோச்சு."

"ஆயிடும் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குழிக்காரர் எழுந்து போய்விட்டார்.

சூப்பிரண்டுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. பதினாறு வருடமாகப் பள்ளம் தோண்டுகிறவன் புல்லைப் பற்றித் தனக்கு வகுப்பு எடுக்கிறான் என்று நினைத்துக்கொண்டார். அத்தோடு இன்னொரு பயமும் வந்தது. போட்டி நேரத்தில் வேறு யாரும் கிரீன் வண்டியைத் தொடக் கூடாது, நானே ஓட்டுகிறேன் என்று எல்லோர் முன்னாலும் அறிவித்தவர் அவர். இப்போது அவர் ஓட்டிய வண்டி கறை வைத்ததைப் பார்த்த ஒரே சாட்சி இந்த மனிதர்.

இந்தச் சாட்சிக்கும் போட்டிக் குழுவின் அதிகாரிக்கும் நெருக்கம் வேறு. அதிகாரியின் இடுப்பில் எப்போதும் எஃகு டேப் ஒன்று தொங்கும் என்பதால் ஆட்கள் அவரை டேப் என்றுதான் சொன்னார்கள். போட்டி நடக்கும் நான்கு நாளும் குழிகள் எங்கெங்கே வரும் என்பது ரகசியம். முன்கூட்டியே தெரிந்தால் ஆட்டக்காரர்கள் அந்தந்த இடத்தில் பழகிக்கொள்வார்கள். அதனால் இரண்டு வாரம் முன்பு டேப்பும் குழிக்காரரும் மட்டும் இரண்டு நாள் மைதானம் முழுக்க நடந்து இடம் பார்த்திருந்தார்கள். சூப்பிரண்டுக்கும் ஒரு நகல் தரட்டுமா என்று டேப் கேட்டார். சூப்பிரண்டு நெஞ்சில் கைவைத்து வேண்டாம் என்று மறுத்தார். அதோடு நிற்கவில்லை. ரகசியத்தை வெளியே விட மாட்டேன், விட்டால் அன்றே வேலையிலிருந்து நீக்கலாம் என்று ஓர் உறுதிமொழியைத் தன் கையாலேயே எழுதி, குழிக்காரரிடம் கையெழுத்து வாங்கினார். இரண்டு பிரதி. ஒன்று அலுவலகக் கோப்புக்கு, ஒன்று குழிக்காரருக்கு. இந்த நேர்மையைத் தலைவரிடம் இரண்டு தடவை சொல்லியும் காட்டினார்.

அப்படிப்பட்ட மனிதரால் ஒரு கறையை அப்படியே விட்டுவிட முடியுமா?

எண்ணெய்க்குச் சோப்பு என்பது யாருக்கும் தெரிந்ததுதான். சூப்பிரண்டு வீட்டுக்குப் போய், பாத்திரம் தேய்க்கும் திரவத்தை எடுத்துச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு கிளம்பினார். மனைவி எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று கேட்டதற்கு ஆபீஸ் வேலை என்றார். காதும் காதும் வைத்த மாதிரி முடித்துவிட எண்ணி, தனியாக உட்கார்ந்து அரை மணி நேரம் தேய்த்தார். நுரை நன்றாக வந்தது. நுரையோடு எண்ணெயும் நகர்ந்து, அக்கம்பக்கத்துப் புல்லுக்கும் போய்ச் சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தால், உள்ளங்கை அளவில் இருந்த கறை சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பழுத்திருந்தது.

இனி வெட்டி எடுத்துவிட்டு வேறு புல் வைப்பதுதான் வழி. இந்த மாதிரி அவசரத்துக்கென்றே எல்லா மைதானத்திலும் அதே ரகப் புல்லை ஒரு பாத்தியில் வளர்ப்பார்கள். இங்கே அந்தப் பாத்தி சூப்பிரண்டு வீட்டுச் சமையலறைக்குப் பின்னால்தான் இருந்தது. ஞாயிறு மதியம், ஆட்கள் இல்லாத நேரமாகப் பார்த்து, அதிலிருந்து தட்டகலத்துக்கு ஒரு துண்டை வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றி, குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு போனார். கறையைச் சுற்றி அவர் மண்வெட்டியை வைக்கும்போது குழிக்காரர் எங்கிருந்தோ வந்து நின்றார்.

"இன்னும் நாலு நாள் பொறுக்க முடியாதா சார்?" என்று கேட்டார்.

"நாலு நாள்ல என்ன நடக்கும்? உனக்குத் தெரிஞ்சா சொல்லு."

குழிக்காரர் வாயைத் திறந்தார். மூடினார். சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "ஒண்ணுமில்ல சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒட்டு கச்சிதமாக உட்கார்ந்தது. எழுந்து பத்தடி பின்னால் போய்ப் பார்த்தபோதுதான் நிறம் சூப்பிரண்டின் கண்ணில் பட்டது. புதுப் புல் கரும்பச்சையாக இருந்தது. ஒரு மாதமாகச் சமையலறைக் குழாயில் சொட்டிய நீர் வாய்க்கால் வழியாகப் பாத்திக்குத்தான் போயிருக்கிறது. பாத்திரம் கழுவிய சத்தெல்லாம் குடித்து, அந்தப் புல் வீட்டு மாப்பிள்ளை போலக் கொழுத்திருந்தது. பழைய சட்டையில் புதுத் துணி வைத்துத் தைத்த மாதிரி ஒட்டு தனியாகத் தெரிந்தது.

ஒட்டை வெளுக்க முடியாது, மற்றதைக் கறுப்பாக்க முடியும். இரும்புச் சத்துக் கரைசலைத் தெளித்தால் புல் கரும்பச்சையாகிவிடும், எல்லா மைதானத்திலும் செய்வதுதான். ஒரு தொட்டிக்கு ஒரு லிட்டர் என்று பீப்பாயில் எழுதியிருந்தது. சூப்பிரண்டு ஒரு லிட்டர் ஊற்றினார். எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் அரை லிட்டர் ஊற்றினார். வியாதி வந்து செத்த புல்லைவிட, இப்படி எதற்கும் இருக்கட்டும் என்று ஊற்றியதில் செத்த புல் அதிகம். இது அவரே பயிற்சி வகுப்புகளில் சொல்லுகிற வாசகம்.

திங்கட்கிழமை காலை ஒட்டு தெரியவில்லை. ஆனால் பதினாலாவது கிரீன் அரைக் கிலோமீட்டர் தூரத்திலிருந்து தெரிந்தது. தார் போட்ட மாதிரி கறுத்திருந்தது.

அன்று டேப் சுற்றிப் பார்க்க வந்தார். ஒல்லியான, சிரிக்காத மனிதர். முதல் கிரீனிலிருந்து ஒன்றொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்து பதினாலில் நின்றார். குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"இது மட்டும் ஏன் இப்படி இருக்கு?"

சூப்பிரண்டு வாழ்க்கையில் அதிகம் பொய் சொன்னவரில்லை. அதனால் அவருக்கு அளவாகப் பொய் சொல்லத் தெரியவில்லை. இதுதான் புல்லின் ஆரோக்கியமான நிறம், பதினாலைத் தனிக் கவனம் எடுத்து வளர்த்திருக்கிறேன் என்றார். உலகத் தரம் என்று வேறு சேர்த்துக்கொண்டார்.

டேப் கண்ணாடியை மறுபடியும் மாட்டிக்கொண்டார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா பக்கம் பதினொண்ணு என்ன சொல்லுது?"

"பதினெட்டும் ஒண்ணா இருக்கணும் சார்."

"அப்ப மத்த பதினேழையும் இதே மாதிரி கொண்டுவந்துடுங்க."

சொல்லிவிட்டு டேப் குழிக்காரரைத் தனியாகக் கூப்பிட்டுப் போய், மரத்தடியில் ஏதோ மெதுவாகப் பேசினார். குழிக்காரர் ஒருமுறை சூப்பிரண்டைத் திரும்பிப் பார்த்தார். போட்டுக்கொடுக்கிறான் என்று சூப்பிரண்டு முடிவே செய்துவிட்டார்.

பன்னிரண்டு ஆட்கள் அன்று முழுக்க இரும்புக் கரைசல் தெளித்தார்கள். ஏன் என்று யாருக்கும் தெரியாது. சூப்பிரண்டு அவர்களோடு முதுகில் தொட்டியைச் சுமந்துகொண்டு நடந்தார். ஒன்பது வருடமாகப் பக்குவமாக வளர்த்த புல்லைத் தன் கையாலேயே கறுப்பாக்குகிறோம் என்று அவருக்கு உண்மையாகவே அழுகை வந்தது. ஆட்கள் அதைக் கரைசலின் நெடி என்று நினைத்தார்கள்.

செவ்வாய்க்கிழமை கிளப் தலைவர் வந்தார். நடந்து வந்தார் என்பதைவிடத் தடம் பதித்து வந்தார் என்பது சரி. இரும்புக் கரைசல் காய்ந்தால் துருவாகும். கிரீன்களைப் பார்வையிட்ட தலைவரின் வெள்ளைக் காலணி செங்கல் நிறத்துக்கு மாறியிருந்தது. அந்தக் காலணி கிளப் படிக்கட்டில் ஏறி, வரவேற்பறைக் கம்பளத்தின் மேல் நடந்து, தலைவரின் அறை வரை போயிருந்தது. போன வழியெல்லாம் தெளிவாகத் தெரிந்தது.

"இது என்ன நிறம்?" என்று தலைவர் காலணியைக் கையில் தூக்கிக் காட்டிக் கேட்டார்.

"கழுவினா போயிடும் சார்."

"என் காலைச் சொல்லலை. வியாழக்கிழமை நூத்தம்பது பேர் நடப்பாங்க. எல்லார் காலையும் நீங்க கழுவுவீங்களா?"

அன்று மதியம் முதல் மாலை வரை பதினெட்டு கிரீன்களிலும் தண்ணீர் பீய்ச்சி இரும்பைக் கழுவினார்கள். நிறம் கொஞ்சம் இறங்கியது, துரு போனது. கூடவே, மூன்று வாரமாகச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு இறுக்கி வைத்திருந்த தரையின் இறுக்கமும் போனது. மிதித்தால் குதிகால் இறங்கியது.

புதன்கிழமை காலை டேப் தன் அளவுகோலோடு வந்தார். அது ஒன்றும் பெரிய கருவியில்லை. நடுவில் பள்ளம் ஓடும் ஓர் உலோகச் சட்டம், கைத்தடி நீளம். அதைச் சாய்த்துப் பிடித்து ஒரு பந்தை இறங்க விட்டால், பந்து எத்தனை அடி உருண்டு நிற்கிறதோ அதுதான் கிரீனின் வேகம். புத்தகத்தின்படி பன்னிரண்டு அடி. பந்து சட்டத்திலிருந்து இறங்கியது, சேற்றில் நடப்பது போலத் தயங்கித் தயங்கிப் போய், ஒன்பதில் நின்றது. டேப் அதை அப்படியே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். அவர் திட்டியிருந்தால் சூப்பிரண்டுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆட்கள் ஓடினார்கள். ஒவ்வொரு கிரீனுக்கும் பெரிய மின்விசிறிகளை இழுத்து வந்து காற்று விட்டார்கள். புல்லை அரை மில்லிமீட்டர் குறைத்து வெட்டினார்கள். இரண்டு தடவை உருளை ஓட்டினார்கள். நான்கு மணிக்கு டேப் மறுபடியும் அளந்தார். பதினொன்றரை. "காலைல பன்னிரண்டு இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அரை அடிதான் பாக்கி. கத்தியை இன்னும் ஒரு நூலிழை இறக்கினால் போதும். கடைசி வெட்டை நானே வெட்டுகிறேன் என்று சூப்பிரண்டு வண்டியில் ஏறினார். ரப்பர் குழாய் புதிது. ஒரு சொட்டு எண்ணெய் விழவில்லை. பதிமூன்று கிரீன்கள் பிசிறில்லாமல் முடிந்தன.

பதினாலில் அந்த ஒட்டு, நேற்று குடித்த தண்ணீரில் உப்பி, சுற்றியிருந்த தரையைவிட ஒரு நூல் உயர்ந்திருந்தது. வண்டி அதன்மேல் ஏறி இறங்கியது. சூப்பிரண்டு திரும்பிப் பார்த்தார். அதே இடம். இடது ஓரத்திலிருந்து ஐந்து தப்படி. வட்டமாக, தட்டகலத்துக்கு, மொட்டையடித்த மண்நிறத்தில் ஒரு கறை. சனிக்கிழமை எங்கே ஆரம்பித்தாரோ அங்கேயே வந்து நின்றார், என்ன, கறை மட்டும் வளர்ந்திருந்தது. பச்சைச் சாயம் அடிக்கலாமென்றால் பந்தில் ஒட்டும். புத்தகத்தில் பக்கம் இருபது அதைத் தடுக்கிறது.

அவர் வண்டியை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கின் மேல் தலையை வைத்துக்கொண்டார்.

"வீட்டுக்குப் போங்க சார். காலைல பார்த்துக்கலாம்" என்றார் குழிக்காரர். அவர் எப்போது வந்தார் என்று தெரியவில்லை.

"காலைல என்ன பார்க்கறது? நீ டேப்கிட்ட மரத்தடியில என்ன பேசினேன்னு எனக்குத் தெரியாதா? இந்த வேலை உனக்கு வேணும்னா நேரா கேட்டிருக்கலாம்யா. நானே கொடுத்திருப்பேன்."

குழிக்காரரின் முகம் சிறுத்துப்போனது. கை மறுபடியும் சட்டைப்பைக்குப் போனது. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு தன் கருவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தார்.

வீட்டுக்கு வந்து சூப்பிரண்டு மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள். எண்ணெய், சோப்பு, ஒட்டு, இரும்பு, தலைவரின் காலணி, கடைசியில் மறுபடியும் கறை. கேட்டு முடித்ததும் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"ஒரு சொட்டுக்காகவா?" என்றாள்.

கேலியாகச் சொல்லவில்லை. அவளுக்கு உண்மையாகவே நம்ப முடியவில்லை. பக்கத்து அறையில் மகள் புத்தகத்தின் பக்கத்தைத் திருப்பும் சத்தம் நின்றுபோயிருந்தது. அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

நாளைக்கு அவர்களே கண்டுபிடித்து நீக்குவதைவிட, நானே சொல்லிவிட்டுப் போவது மரியாதை என்றார் சூப்பிரண்டு. மனைவி, பள்ளிக்குப் பக்கத்தில் வாடகைக்கு வீடு கிடைக்குமா என்று மட்டும் கேட்டாள். அவர் ஒரு தாளை எடுத்து, நடந்ததை ஒளிக்காமல் எழுதி, கடைசியில் ராஜினாமா செய்கிறேன் என்று முடித்து, உறையில் போட்டு ஒட்டினார். பிறகு என்ன தோன்றியதோ, அலமாரியில் ஒரு மாதமாகக் கிடந்த வாஷரை எடுத்துக் குழாயைக் கழற்றி மாட்டினார். இரண்டு நிமிட வேலை. சொட்டு நின்றது. கையைவிட்டுப் போகப்போகிற வீட்டில் இப்போது எல்லாமே சரியாக இருந்தது.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கே டேப் வந்துவிட்டார்; முதல் ஆட்டம் தொடங்கும் இடத்தில் நின்றிருந்தார். கையில் ஒரு கட்டுத் தாள்கள், அன்றைக்குக் குழிகள் இருக்கும் இடங்களின் பட்டியல். அதுவரை பூட்டி வைத்திருந்த ரகசியத்தை ஆட்டக்காரர்களுக்குக் கொடுப்பதற்காகப் பிரித்துக்கொண்டிருந்தார். கிரீன்களை விடிந்ததும் அளந்தாயிற்று, பன்னிரண்டு அடி, அறிக்கையில் எழுதிவிட்டேன் என்றார். பதினாலைப் பார்த்தீர்களா என்று சூப்பிரண்டு கேட்கவில்லை. ஒன்று முதல் ஒன்பது வரை அளந்தால் போதும் என்பது பக்கம் எட்டு என்று அவருக்கே தெரியும். உறையை நீட்டினார்.

"இது என்ன?"

"கடிதம் சார். என்னைப் பத்தினது."

டேப் அதைப் பிரிக்காமல் கோட்டுப்பைக்குள் வைத்துக்கொண்டார். "நூத்தம்பது பேரையும் அனுப்பிட்டு சாவகாசமா படிக்கிறேன்."

சூப்பிரண்டு கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டுப் போகலாம் என்று பதினாலுக்கு நடந்தார். வழியெல்லாம் புல் நன்றாகத்தான் இருந்தது. பனி துடைத்த தரையில் வெயில் விழுந்து, அவர் ஒன்பது வருடமாகக் கனவு கண்டது போலவே இருந்தது.

பதினாலில் கொடி நட்டிருந்தது. இடது ஓரத்திலிருந்து ஐந்து தப்படி. கொடிக்கம்பின் அடியில் குழிக்காரர் மண்டியிட்டு, புதிதாக வெட்டிய குழியின் விளிம்பில் நீட்டிக்கொண்டிருந்த புல் நுனிகளைச் சின்னக் கத்தரிக்கோலால் நறுக்கிக்கொண்டிருந்தார். குழியைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கு மண்நிறத்தில் ஒரு வளையம் தெரிந்தது. நேற்று மொட்டையான ஒட்டில் மிச்சமிருந்தது அதுதான்.

சூப்பிரண்டு அந்த வளையத்தைக் குனிந்து பார்த்தார்.

"இங்கதானா?" என்று கேட்டார்.

"முதல் நாளுக்கு இங்கதான் சார். ரெண்டு வாரம் முன்னாடியே குறிச்ச இடம்."

குழிக்காரர் எஃகு உருளையை எடுத்துத் தன் உள்ளங்கையில் கவிழ்த்துக் காட்டினார். விளிம்புக்கு விளிம்பு சரியாக இருந்தது. "எண்ணெய் விழுந்தது இத்தனை அகலம்தான். மண்ணோட தூக்கி எறிஞ்சிருப்பேன். ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது."

சூப்பிரண்டு அந்தக் கிரீனிலேயே உட்கார்ந்துவிட்டார். தூரத்தில், முதல் ஆட்டக்காரர்களை அழைக்கும் ஒலிபெருக்கி கேட்டது. டேப்பின் கோட்டுப்பையில் பிரிக்காத உறை இருந்தது.

"அஞ்சு நாளா என் பின்னாலேயே சுத்தினியே, என் காதுல மட்டும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாய்யா?"

குழிக்காரர் கத்தரிக்கோலைத் துடைத்துக் கீழே வைத்தார். சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்துப் பிரித்து, சூப்பிரண்டின் கண்ணுக்கு நேரே நீட்டினார்.

"சூப்பிரண்டு உட்பட யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு எழுதி வாங்கினதே நீங்கதானே சார். அந்த 'சூப்பிரண்டு'க்கு அடியில ரெண்டு கோடு வேற போட்டிருக்கீங்க."